நாற்பதும் நாற்பத்தொன்றும்

வாய் நாற்றம் டொக்டர் தயானிக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல்லையும் சீழ் கட்டிய ஈறையும் அவள் இருபது வருடமாகப் பார்த்துவிட்டாள். கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு பசறை பஸ்ஸில் வந்து இறங்குகிற தோட்டத்துச் சனத்தின் வாய்க்குள் மூக்கை நுழைத்து வேலை செய்வாள். செய்துவிட்டு அப்படியே போய்ச் சோறு சாப்பிடுவாள். அவளுடைய கிளினிக்கில் உதவிக்கு நிற்கிற ஜெசீகாதான் முகக்கவசத்துக்குள்ளேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பாள். தயானி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"அழுகினது பல்லுத்தானே பிள்ளை, மனிசர் இல்லையே" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு நாள் குமட்டியது. அது நோயாளியைப் பார்த்து அல்ல, ஒரு பரீட்சையைப் பார்த்து.

யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தபோது இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். தகப்பன் இளையதம்பி பாடசாலை அதிபர். வீட்டிலும் அவர் அதிபர்தான். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் குறுக்கே பேசக் கூடாது, கேட்டால் "ஓம்" என்று சொன்னால் போதும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்படி வாயை மூடி வளர்ந்த பெண், ஊரார் வாயைத் திறக்கிற தொழிலுக்கு வந்து சேர்ந்தாள். பதுளைக் குளிர் பழகியது. தோட்டத்துத் தமிழ் பாதி நாக்கில் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பேச்சு வருடத்துக்கு வருடம் மெலிந்து கடைசியில் நின்றுபோனது. பகலில் அரசாங்க வேலை, பின்னேரத்தில் பஸ் நிலையத்துக்கு மேலே மாடியில் ஒரு சின்னக் கிளினிக். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வெளிநாட்டில் பல் வைத்தியம் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தொழில் செய்ய வேண்டுமானால் பல்லியல் தகைமைச் சபை நடத்துகிற பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அந்தச் சபை தன் செய்முறைப் பரீட்சையைப் பதுளைக்குக் கொண்டுவந்தது. ஏன் பதுளை என்று யாரும் கேட்பதற்கு முன்னே சபைத் தலைவர் திறப்பு விழாவில் தானாகவே சொல்லிவிட்டார்: "ஊவாத் தோட்டங்களிலே சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமில்லை." மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த தயானியும் ஒப்புக்குச் சிரித்தாள். சிரித்த வாய் அன்று முழுக்கக் கசந்தது.

நோயாளியைப் பரீட்சார்த்தியே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. எந்தச் சொத்தையும் அதற்கு ஆகாது. பெரிதாக இருந்தால் நரம்பில் போய் முட்டும், சின்னதாக இருந்தால் கை வேலையைக் காட்ட முடியாது. அளவான சொத்தை வேண்டும். அதனால் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தோட்டந்தோட்டமாக ஆட்கள் இறங்கி, சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல லயத்து வரிசை வீடுகளில் வாய்களை டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். நல்ல சொத்தையாக ஒன்று அகப்பட்டால் உடனே சொல்லி வைத்துவிடுவார்கள். பரீட்சை முடியும் வரைக்கும் அந்தப் பல்லை யாரிடமும் காட்டக் கூடாது. வலித்தால் பனடோல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தர் டொக்டராவதற்காக இன்னொருத்தரின் பல் அழுகிக் காத்திருக்க வேண்டுமாம். இந்தக் கேடுகெட்ட ஏற்பாட்டுக்கு விதி என்று பெயர் வைத்து அச்சடித்தும் கொடுத்திருந்தார்கள்.

புள்ளி போடுவதற்கு இரண்டு பரீட்சகர்கள். ஒருவர் கண்ணில் பிழையாகப் பட்டது மற்றவர் கண்ணிலும் படுகிறதா என்று பார்க்கத்தான் இரண்டு பேர். தனித்தனியே பார்த்துத் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டு புள்ளிகளின் சராசரி ஐம்பதைத் தொட்டால் சித்தி.

முதலாம் பரீட்சகர் பேராசிரியர் குணமணி, தயானிக்குப் படிப்பித்தவர். இரண்டாம் பரீட்சகராகத் தயானியைப் போடும்படி கேட்டதும் அவர்தான். நல்ல மனிதர், தொல்லையே அதில்தான் இருந்தது. அவருக்குக் கோபிக்கத் தெரியாது. பழைய மாணவிகளின் தாய் தகப்பனைப் பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பார். நோயாளியின் வாய்க்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற தயானியிடம் சாவகாசமாகச் சொல்லுவார்: "அறுபத்தெட்டுக் குடுக்கலாம், என்ன பிள்ளை?"

"ஓம் சேர்" என்பாள் தயானி. அறுபத்தேழு என்று எழுதுவாள். இல்லாவிட்டால் அறுபத்தொன்பது. அச்சொட்டாக ஒரே புள்ளியை எழுதினால் பார்த்து எழுதியது போலத் தெரியுமாம். ஒன்றைக் கூட்டு, இல்லையென்றால் ஒன்றைக் குறை என்று அவளுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கும் முன்னாலே யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேட்டால் அதற்கு மரியாதை என்று பெயர் சொல்வார்கள்.

தை மாதத்துப் பரீட்சையில்தான் அது நடந்தது. பரீட்சார்த்திகளுக்கு அங்கே பெயர் கிடையாது, இலக்கம் மட்டுந்தான். வேலையை முடித்ததும் அவர்கள் வெளியே போய்விட வேண்டும். நோயாளிக்கு முகமும் கிடையாது. பச்சைத் துணியில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு வாய். சேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் அந்த வாயைத் தயானி முதலில் போய்ப் பார்த்தாள். கீழே வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல். சொத்தையை நிரப்பியிருந்த அடைப்பு பல்லோடு பல்லாக ஒட்டி நின்றது. ஓரத்தில் கூர்க்கருவியை ஓட்டிப் பார்த்தாள், எங்கும் தடக்கவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் இயற்கைப் பல்லில் இருந்தபடியே கொண்டுவந்திருந்தார்கள். அவளுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மனதுக்குள் எழுபது என்று போட்டுக்கொண்டாள்.

பிறகு சேர் வந்தார். வாயைத் துடைத்திருந்தாலும் மீசையில் வடைத்தூள் ஒட்டியிருந்தது. குனிந்து, கருவியின் பிடியால் அந்தப் பல்லைத் தட்டினார்.

"நோகுதா அம்மா?"

துணிக்குக் கீழேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "ஆமாங்க சேர்."

"நல்லா நோகுதா?"

"ஆமாங்க சேர்."

அவர் நிமிர்ந்தார். "அடைப்பு உயர்ந்து போச்சு. இதாலை கடிக்கேலாது. நாப்பதுக்கு மேல குடுக்கேலாது, என்ன பிள்ளை?" அவர் பேசும்போது வடைத்தூள் உதிர்ந்து, திறந்தபடியே கிடந்த அந்த வாய்க்குப் பக்கத்தில் துணியில் விழுந்தது.

தயானி எழுபதை விழுங்கினாள். "ஓம் சேர், நாப்பத்தொண்டு" என்று சொல்லி அப்படியே எழுதினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட அவளுக்கு இறங்கவில்லை. வெள்ளை மேசைவிரிப்பும், கறிக் கோப்பைகளும், எண்ணெய் மின்னுகிற விரல்களுமாக எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கவே அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. சேர் மட்டும் கவனித்தார். "வயிறு சரியில்லையோ?" என்று கேட்டுத் தன் தயிர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தார். நல்ல மனிதர் என்றேன் அல்லவா.

எட்டு மாதம் போனது. ஒரு பின்னேரம் மிப்ரான் என்று ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். புள்ளிவிபரவியல் விரிவுரையாளர், சின்ன வயது. பரீட்சையின் புள்ளிகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்று அளந்து சொல்லும்படி சபை அவரைக் கேட்டிருந்ததாம்.

"தராசு மாதிரித்தான் டொக்டர்" என்று அவர் விளக்கினார். "ஒரே அரிசிப் பையை ரெண்டு தராசுல வச்சா ஒரே நிறை காட்டோணும். ஆளுக்கொரு நிறை காட்டினா அந்தத் தராசைத் தூக்கி எறியத்தான் வேணும். உங்கட புள்ளியும் குணமணி சேர்ட புள்ளியும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்தேன். ஒற்றுமையே இல்லாட்டி பூச்சியம், முழு ஒற்றுமைன்னா ஒன்று. உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கு தெரியுமா? பூச்சியம் தசம் ஒன்பது எட்டு! நான் வாசிச்ச அளவுல எந்த நாட்டிலயும் இப்படி வரல்ல."

மனிதர் பூரித்துப் போயிருந்தார். தயானிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. ஒரே குட்டையில் ஊறிய இரண்டு மட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டும் எப்படி ஒரே மாதிரி ஈரமாக இருக்கின்றன என்று வியக்கிறார். குட்டை எங்கே இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"இதில ஒரு கையெழுத்து வேணும்" என்று ஒரு தாளை நீட்டினார். "நாங்க ரெண்டு பேரும் சுயாதீனமாத்தான் புள்ளி போட்டோம்னு. சேர் போட்டுட்டார்."

"இப்ப என்ன அவசரம்?"

"ஒரு மேன்முறையீடு வந்திருக்கு. தையில பெயிலான ஒரு பிள்ளை, தான் அடைச்ச பல்லை மறுபடி பார்க்கச் சொல்லுது. அதுக்குக் கடைசி முறை அது, இனி எழுத ஏலாது. இந்த ஒற்றுமைச் சுட்டெண்ணைக் காட்டினா விசயம் முடிஞ்சுது. ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்தும் நாப்பது, நாப்பத்தொண்டு. பிறகென்ன பேச்சு?"

நாற்பத்தொன்று என்று கேட்டதும் தயானிக்கு அந்த வடைத்தூள் கண்முன்னே வந்தது. பிறகு தருகிறேன் என்று தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டாள். அவர் படி இறங்கும் வரை பொறுத்திருந்து, போய்க் கையைக் கழுவினாள். கழுவின கையை மறுபடியும் கழுவினாள்.

அந்தக் கிழமையே செசிலி வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். மேலே இடப்பக்கத்தில் ஒரு பல் அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. தயானி அதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மற்றப் பல்லுகளின் பக்கமும் கண்ணாடியைத் திருப்பினாள். கீழே வலப்பக்கத்தில் கண்ணாடி நின்றது.

"இது யாரு அடைச்சது செசிலியம்மா? அருமையான வேலையா இருக்கே. எங்க செஞ்சீங்க?"

செசிலி வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னங்க டொக்டரம்மா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே அன்னைக்கு இதுக்குப் பெயில் போட்டீங்க."

தயானி கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

"மூஞ்சியத்தாங்க மூடியிருந்தாங்க, காத மூடலையே. எனக்கு மேலயே நின்னு பெரிய டொக்டரு நாப்பதுன்னாரு, நீங்க ஓம் சேர்னீங்க. இப்ப உள்ள வரும்போதே உங்க குரல் தெரிஞ்சு போச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தது, காலையில் ஆளெடுக்கிற பெரட்டு கலைந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். "எங்க லயத்துப் புள்ளைங்க அது. றொஷேலு. பக்கத்துக் காம்பரா அந்தோனிமுத்து அண்ணன் மக. மாதா கோயில் சாமிமாரு உதவி செஞ்சு ரஷ்யாவுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்துச்சு. 'அத்தை, உங்க பல்லுதான் சரியா இருக்கு, யாருக்கிட்டயும் காட்டிறாதீங்க'ன்னு கேட்டுச்சு. ஒரு வருசம் வச்சிருந்தேன். சில நாளு உசுரே போயிரும். நம்ம புள்ளைக்குத்தானேன்னு இருந்தேன்."

"இப்ப அந்தப் பிள்ளை எங்க?"

"பெரகலயில ஒரு பார்மசியில நிக்குதுங்க. அங்கனயே தங்கிக்கிருச்சு. லயத்துக்கு வந்தா 'ரஷ்யா டொக்டரு'ன்னு கேலி பண்றானுங்க. அண்ணன் நம்ம கோயில் பக்கமே தலை வைக்கிறதில்ல. யாராச்சும் விசாரிச்சிருவாங்கன்னு, ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி இங்க பதுளைக்கு வந்துதான் பூசை காணுறாரு."

தயானி கருவியை எடுத்துப் பழைய அடைப்பின் மேலே மெதுவாகத் தட்டினாள். "இது வலிக்குதா?"

"ஆமாங்க."

"அப்ப இந்தப் பக்கத்தால சாப்பிடுறதில்லையா?"

"இந்தப் பக்கத்தாலதாங்க எல்லாமே. மத்தப் பக்கந்தான் வலியாச்சே."

"வலிக்கிற பல்லால எப்படிக் கடிக்கிறீங்க?"

"இதுவா? இது ஒருநாளும் வலிச்சதில்லைங்களே."

"இப்பத்தானே வலிக்குதுன்னு சொன்னீங்க? அன்னைக்கும் பெரிய டொக்டர்கிட்ட அப்படித்தானே சொன்னீங்க?"

செசிலி கொஞ்சம் குழம்பினாள். "கேட்டீங்க, சொன்னேன். தொரைமாரு, டொக்டருமாரு கேக்கும்போது மூஞ்சிக்கு நேரா இல்லைன்னா எப்படிங்க சொல்றது? அது மரியாதையா? மலையில நமக்கு ஒதுக்குன செடி வரிசையப் பாத்து கங்காணி 'நெறை முடிஞ்சிருச்சா'ன்னு கேட்டா ஆமாங்கன்னுதான் சொல்லுவோம். அவரு அங்கிட்டுப் போனதும் வெரசா முடிச்சிருவோம். ஏங்க, அதுல ஏதாச்சும் தப்பா?"

"ஒண்டுமில்லை" என்றாள் தயானி. "வாயைத் திறங்க."

அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஒரு வருடம் வலியைச் சுமந்து யாருக்காகப் பல்லைக் காத்தாளோ, அந்தப் பிள்ளையை ஓர் ஆமாங்கவால் கவிழ்த்துவிட்டாள் என்றா சொல்வது? சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லுகிற வாய்க்கு முதலில் யோக்கியதை இருக்க வேண்டுமே. துணிக்குக் கீழே கிடந்தவள் கேட்ட கேள்விக்கு ஆமாம் போட்டாள். துணிக்கு மேலே நின்ற படித்தவளும் அதையேதான் செய்தாள். கீழே கிடந்தவளுக்கு எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாது, மேலே நின்றவளுக்குத் தெரியும். இந்த இரண்டு ஆமாஞ்சாமிகளையும் கூட்டிப் பெருக்கித்தான் மிப்ரான் பூச்சியம் தசம் ஒன்பது எட்டு என்று கொண்டாடுகிறார். தயானி தன்னை நினைத்தே காறித் துப்ப நினைத்தாள்.

செசிலி போனதும் மிப்ரானுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நான் கையெழுத்துப் போட மாட்டன். அந்தப் பல்லைத் திரும்பப் பாக்க வேணும்."

"ஏன் டொக்டர்?"

"நான் தனியாப் புள்ளி போடேல்லை. சேர் சொன்னதை எழுதினன்."

"டொக்டர்," என்றார் மிப்ரான் தாழ்ந்த குரலில், "அதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரிப்போட் அச்சுக்குப் போயிட்டு." ஆனாலும் பரீட்சகர் ஒருவரே கேட்டால் மறுபார்வைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சபையின் விதியில் இருந்தது. அடுத்த நாள் குணமணி சேரும் பேசினார். "என்ன பிள்ளை, ஏதும் பிழை விட்டிட்டமோ? அதுக்கென்ன, பாத்தாப் போச்சு" என்றார். தாயின் முழங்கால் வருத்தத்தையும் விசாரித்தார். அவர் ஏசியிருந்தால் தயானிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபார்வை அதே மண்டபத்தில், மிப்ரானும் பக்கத்தில் நிற்க, அதே பச்சைத் துணிக்குக் கீழே நடந்தது. செசிலியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் வேலை சுலபம். பரீட்சகர் நோயாளியைத் தயார்படுத்தக் கூடாது என்று சட்டம் இருந்ததால் தயானி சொல்லவில்லை. அத்தனை சட்டத்தையும் குப்பையில் போட்ட இடத்தில் இந்த ஒன்றை மட்டும் ஏன் கட்டிக் காக்கிறாய் என்று தன்னையே ஏசிக்கொண்டு நின்றாள். பெரகலயில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுடைய பிழைப்பு இப்போது இந்த வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேர் குனிந்து தட்டினார். "நோகுதா அம்மா?"

"ஆமாங்க சேர்."

"அதே பல்லு, அதே நோ" என்றார் சேர். "நாப்பதுதான். என்ன பிள்ளை?"

"இல்லை சேர்."

சொல் சின்னதாகத்தான் வந்தது. இருந்தும் மிப்ரான் திரும்பிப் பார்த்தார். சேர் சரியாகக் கேட்காதவர் போலக் காதைச் சாய்த்தார். தயானி செசிலியின் முகத்தை மூடியிருந்த துணியை உருவினாள். கதிரையை நிமிர்த்தினாள். தேநீர் மேசைக்குப் போய்த் தட்டிலிருந்து தடித்த முறுக்கு ஒன்றை எடுத்து வந்து செசிலியின் கையில் கொடுத்தாள்.

"இந்த வலப்பக்கத்தால கடிச்சுச் சாப்பிடுங்க செசிலியம்மா."

செசிலி சேரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிறகென்ன, விடியற்காலையில் தோட்டத்தை விட்டு வெளிக்கிட்டவள், பசி. நறுக்கென்று கடித்தாள். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. முகம் சுளிக்கவில்லை, தாடையைப் பிடிக்கவில்லை, பக்கம் மாற்றவில்லை. முறுக்கு முடியும் வரை மூன்று படித்தவர்களும் அவளுடைய தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொண்டு வேணுமா?"

"ஆமாங்க" என்றாள் செசிலி. அந்த ஆமாங்க உண்மையானது.

தயானி எல்லோரும் பார்க்கும்படி எழுபது என்று எழுதினாள்.

"முப்பது புள்ளி வித்தியாசம் டொக்டர்" என்றார் மிப்ரான் கவலையோடு. "சுட்டெண் விழுந்திடுமே."

"விழட்டும்."

சேர் செசிலியை வெளியே அனுப்பிய பிறகு கேட்டார்: "நோகாட்டி ஏன் நோகுதெண்டு சொன்னவ?"

"நீங்கள் கேட்டபடியால் சேர்."

அவர் அதை மெல்ல யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை. "பிள்ளை, அண்டைக்கு நான் நாப்பது எண்டு நினைச்சன், நாப்பது போட்டன். இண்டைக்கும் நாப்பது எண்டுதான் நினைச்சன், போட்டன். நான் பாத்தது பிழையா இருக்கலாம். ஆனா நான் பாத்ததைத்தான் எழுதினன். நாப்பத்தொண்டு எண்டு நீ எதைப் பாத்து எழுதினனீ?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்பதும் எழுபதும் சேர்ந்து சராசரி ஐம்பத்தைந்து. றொஷேல் சித்தியடைந்தாள். அவளுடைய கைத்திறமையை யாரும் கண்டுபிடித்துப் பாராட்டவில்லை, கூட்டிப் பிரித்ததில் அப்படி விழுந்தது. சபையும் இலேசுப்பட்டதல்ல. அந்த ஒரு பல்லை மட்டும் விதிவிலக்கு என்று கணக்கிலிருந்து தூக்கிவிட்டு அறிக்கையை வெளியிட்டது. பூச்சியம் தசம் ஒன்பது எட்டு அப்படியே நின்றது. அதே மேசையில் அதே மாதிரிப் புள்ளி வாங்கிச் சித்தியடைந்தவர்களைப் பற்றியும் பெயிலானவர்களைப் பற்றியும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அடுத்த பரீட்சைக்குத் தயானிக்கு அழைப்பு வரவில்லை. வேறொரு இளம் டொக்டரைப் போட்டிருப்பதாகக் கேள்வி. ஒன்றைக் கூட்டவும் ஒன்றைக் குறைக்கவும் அவருக்கு இந்நேரம் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

மார்கழி பிறந்ததும் றொஷேல் கிளினிக்குக்கு வந்தாள். தயானி அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெலிந்த பெண், தலையை இழுத்துக் கட்டியிருந்தாள், கையில் பேக்கரிக் கேக் பெட்டி.

"செசிலி அத்தை எல்லாம் சொன்னாங்க டொக்டர்" என்று சிரித்தாள். "முறுக்குக் கதைய லயம் பூரா சொல்லி முடிச்சிட்டாங்க. அப்பா இந்த நத்தார்ப் பூசைக்கு நம்ம கோயிலுக்கே போறேன்னு நிக்கிறாரு. நீங்க அவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால இல்லைன்னு சொன்னீங்களாமே. எனக்காக யாரும் அப்படிச் சொன்னதில்ல." கேக் பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். வெண்ணெய் வாசம் எழுந்தது. ஜெசீகா எட்டிப் பார்த்தாள்.

தயானி இரு என்று கதிரையைக் காட்டினாள். றொஷேல் இருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா டொக்டர்? ரொம்ப நாளா மனசுல கிடக்குது. நான் கைய எடுத்துட்டு வெளிய போனப்ப நல்லா செஞ்சிருக்கேன்னுதான் நெனச்சேன். பிறகு இந்தப் பத்து மாசமா என் கையவே எனக்கு நம்ப முடியல. அன்னைக்கு, தை மாசம், நீங்க முதல்ல பார்த்தப்ப உங்களுக்கு எவ்வளவு போடத் தோணுச்சு?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணும் நம்பியிருப்பாள், கேக்கை வெட்டிச் சாப்பிட்டிருப்பார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"எழுபது" என்றாள் தயானி.

"எழுபது" என்று றொஷேல் திருப்பிச் சொன்னாள். "அன்னைக்கேவா?"

"அண்டைக்கே."

"அதுக்குப் பிறகுதான் நாப்பத்தொண்ணு போட்டீங்களா?"

தயானி தலையாட்டினாள்.

றொஷேல் கத்தவில்லை, அழவும் இல்லை. அவளுடைய மூக்கும் மேலுதடும் மட்டும் மெல்லச் சுருங்கின. அந்தச் சுளிப்பைத் தயானிக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாக இந்த அறையில் மற்றவர்கள் முகத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அழுகினது பல்லுத்தானே என்று சொல்லியிருக்கிறாள். இப்போது றொஷேல் அவளுடைய வாயைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேக் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போய் ஜெசீகாவின் கையில் கொடுத்தாள். "நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

ஜெசீகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "உங்களுக்கு ஒரு துண்டு வெட்டட்டுமா டொக்டர்?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை, குமட்டுது" என்றாள் தயானி.